கார்டினல் வைத்திருந்தவர்கள்

டுவேனுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியாமல் போன மாதம்தான் எங்களுக்கு வேறு வண்டி வேண்டும் என்று ஆனது.

முப்பத்துநாலு வருஷம் எங்கள் ஊர் தானியக் கிடங்கின் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தவன் என் கணவன். லாரி, டிராக்டர், அறுவடை இயந்திரம், எது வந்தாலும் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆறடி நாலங்குலம். கைகள் இரண்டும் மண்வெட்டி மாதிரி இருக்கும். அந்தக் கைகள்தான் முதலில் போயின. பிறகு இடது கால். சூ ஃபால்ஸ் நகர மருத்துவமனையில் டாக்டர் அம்மாள் நோயின் பெயரைச் சொல்லி, தசைகள் ஒவ்வொன்றாக மூளையின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடும் என்று விளக்கினார். எவ்வளவு நாள் என்று டுவேன் கேட்டான். இரண்டு வருஷம், சிலருக்கு மூன்று என்றார். வீடு திரும்பும் வழியில் அவன் பேசிய ஒரே பேச்சு, இந்த வருஷம் சோளம் சீக்கிரமே காய்ந்துவிட்டது என்பதுதான்.

வியாழக்கிழமைதோறும் அந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும். எழுபது மைல். எங்களிடம் இருந்தது உயரமான பிக்கப் வண்டி. அதில் ஏற அவனால் காலைத் தூக்க முடியாது. பின்னாலிருந்து நான் தள்ளுவேன். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள் நான். ஐம்பது பவுண்டு மாவு மூட்டையைத் தனியாகத் தூக்கி அலமாரியில் வைப்பேன். ஆனால் மாவு மூட்டைக்கு வெட்கம் கிடையாது. செப்டம்பரில் ஒருநாள் மருத்துவமனை வாசலிலேயே இரண்டு பேரும் சரிந்து விழுந்தோம். ஓடிவந்து தூக்கியவர்களிடம் டுவேன் நன்றி சொல்லவில்லை. சாதாரணமாக அவன் அப்படி நன்றி மறப்பவன் இல்லை. என் தங்கையின் சின்னக் காரையும் முயன்று பார்த்தோம். அதில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடித்தது. எழுந்திருக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது.

"பெரிய செடான்தான் வேணும் லவோன்," என்றான். "கார்டினல் மாதிரி. சீட்டு நாற்காலி உயரத்துல இருக்கும். கதவு அகலம். முதுகக் காட்டி உக்காந்து, அப்பறமா ஒவ்வொரு காலா உள்ள இழுத்துக்கலாம்."

எங்கள் பக்கத்தில் விளைச்சல் நன்றாக இருந்த வருஷங்களில் எல்லோரும் வாங்கிய கார் அது. முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நாலைந்து நிற்கும்.

"ஆனா ஒண்ணு," என்றான். "விக்கறவன்கிட்ட எதையும் கேக்காத. வண்டியக் கழுவ மட்டும்தான் அவனுக்குத் தெரியும். வச்சிருந்தவங்களக் கேளு. பத்து வருஷம் ஓட்டினவன்கிட்ட வண்டி எதையும் மறைக்க முடியாது."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"நான் லாரிக்காரன். கார்டினல்காரங்க எல்லாம் மெக்கானிக்கோட சட்டைகூடக் கசங்காத கடைக்குத்தான் போவாங்க. என்கிட்ட எப்ப வந்தாங்க?"

அதனால் நான் அட்டைகள் எழுதினேன். "கார்டினல் வைத்திருந்தவர்கள், வைத்திருப்பவர்கள்: வாங்குவதற்கு முன் உங்கள் அனுபவத்தைக் கேட்க விரும்புகிறேன். நல்லதும் கெட்டதும். லவோன் ஹூக்ஸ்ட்ரா." கிடங்கிலும், மளிகைக் கடையிலும், தேவாலயக் கூடத்திலும் ஒட்டினேன். இணையத்திலும் போட்டேன். பத்தொன்பது பேர் பதில் சொன்னார்கள். ஒரு காரைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் இவ்வளவு பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. பாதிப்பேர் அதில் போன ஊர்களையும் செத்துப்போன நாய்களையும் பற்றிச் சொன்னார்கள். பள்ளிக்கூட உணவுப் பட்டியல் தாள்களின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

முதலில் போய்ப் பார்த்தது லோவல் பெட்ராக்கை. விதை வியாபாரியாக மூன்று மாநிலம் சுற்றி ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது. பழுப்பு நிறக் கார்டினல். மூன்று லட்சம் மைலைத் தாண்டிவிட்டது.

"ரெண்டு பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாளுக, இது போகல," என்று பானட்டைத் தட்டிக்கொடுத்தார். "ஒரு தடவை பின் சீட்டுல கன்னுக்குட்டியவே ஏத்திட்டு வந்தேன். பேசாம ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு வந்துச்சு. உங்க வீட்டுக்காரரு கன்னுக்குட்டிய விட சாதுவா?"

"சாது இல்ல, நீளம்."

"நீளத்துக்கென்ன, படுக்க வச்சே கூட்டிட்டுப் போலாம்."

குறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"குறைன்னு சொல்ல முடியாது. எப்பவாச்சும் ஒரு விக்கல் வரும். ரோட்டுலேருந்து எங்க வீட்டுப் பாதைக்கு இடது பக்கம் வளைச்சுத் திருப்புவேன் பாருங்க, அப்ப ஒரு நொடி செத்துப் பிழைக்கும். எனக்கும் காலையில எந்திரிக்கறப்ப அப்படித்தான் இருக்கு. அதுக்காக என்னைத் தூக்கிப் போட்டுட முடியுமா?"

"விக்கல், இடது" என்று எழுதிக்கொண்டேன்.

மறுவாரம் ஒமாஹாவிலிருந்து ரூஃபஸ் டில்மன் என்பவர் தொலைபேசியில் பேசினார். பதினோரு வருஷம் இறுதிச் சடங்கு நிறுவனம் ஒன்றில் குடும்பத்தாரை ஏற்றிச்செல்லும் கார் ஓட்டியவர். அடுத்தடுத்து இரண்டு கார்டினல்கள். குரல் ஆழமாக, அவசரமில்லாமல் இருந்தது.

"அருமையான வண்டிங்க. அழறவங்களுக்குத் தகுந்த வண்டி. உள்ள சத்தமே கேக்காது. ஆனா ஸ்டியரிங்க இடது பக்கம் கடைசி வரைக்கும் ஒடிச்சா சில நேரம் இஞ்சின் நின்னுபோகும். ரெண்டு வண்டியிலயும் அப்படித்தான். அதனால கல்லறைத் தோட்டத்துக்கு நான் எப்பவும் வலது பக்கமாத் திரும்பற வழியாவே போவேன். நாலு தெரு சுத்து. மரியாதைக்காகத்தான் இவ்வளவு சுத்திப் போறாங்கன்னு குடும்பத்தாரு நினைச்சுக்குவாங்க. நானும் சொல்லிக்கல."

"பட்டறையில காட்டலயா?"

"காட்டினேன். அவங்க ஓட்டினப்ப நிக்கல. எனக்குக் கற்பனை ஜாஸ்தின்னாங்க."

அந்த வெள்ளிக்கிழமை தபாலில் ஒரு சின்ன உறை வந்தது. உள்ளே கோடு போட்ட தாளில் ஒரே வரி. "கார்டினல் வாங்காதீர்கள்." கீழே கையெழுத்து: ஆர்டித் ஃபெல்ட்காம்ப்.

அந்தப் பெயர் எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் நவம்பரில், கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ஆர்டித், நெடுஞ்சாலையின் எதிர்த் தடத்தைக் கடந்து இடது பக்கம் தங்கள் பண்ணைப் பாதைக்குத் திரும்பும்போது எதிரே வந்த தானிய லாரிக்குக் குறுக்கே போய்விட்டார். லாரி, அவர் கணவர் மெர்ல் உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதியது. மெர்ல் அங்கேயே போய்விட்டார். ஆர்டித்துக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அவருக்கு அப்போது அறுபத்தொன்பது. சாயங்கால வெயில் கண்ணில் அடித்திருக்கும், இல்லாவிட்டால் கண் அசந்திருப்பார் என்று ஊர் முடிவுகட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதை மளிகைக் கடையில் நின்று இன்னொருத்தியிடம் சொல்லியும் இருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் தனியாகப் போனேன். மெலிந்த உடம்பு, நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. காபி ஊற்றினார், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் வெட்டி வைத்தார்.

"எழுதினதுக்கு மேல என்ன இருக்கு?" என்றார். "வாங்காதீங்க, அவ்வளவுதான்."

"எதுக்காகன்னு தெரிஞ்சா நல்லாருக்கும். என் வீட்டுக்காரர உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறதுக்காகக் கேக்கறேன்."

அவர் கேக் வெட்டிய கத்தியைத் துடைத்து வைத்தார். பிறகு சொன்னார்.

"வளைச்சுத் திருப்பினேன். லாரி தூரத்துலதான் வந்துச்சு. தாராளமா நேரம் இருந்துச்சு. பாதித் திருப்பத்துல இஞ்சின் நின்னுடுச்சு. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. மெர்ல் 'ஆர்டித், போ, போ'ன்னாரு. நான் மிதிச்சேன். ஒண்ணும் நடக்கல." கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "இதத்தான் போலீஸ்காரர்கிட்டயும் சொன்னேன். அவங்க வண்டிய இழுத்துட்டுப் போய்ச் சாவியத் திருப்பினாங்களாம். ஒரே தடவையில ஸ்டார்ட் ஆச்சாம். பக்கவாட்டுல பாதி நசுங்கின வண்டி, பூனையாட்டம் உறுமிச்சுன்னு எழுதியே வச்சிருக்காங்க. அப்பறம் யாரு நான் சொல்றத நம்புவா?"

"உங்க பொண்ணு?"

"ஜோலீனா? அவ அப்பா செல்லம். நீ தூங்கிட்டேன்னு ஒத்துக்கோம்மா, நான் மன்னிச்சுடறேன்னா. நான் தூங்கலடீன்னேன். பொய் வேற சொல்றேன்னுட்டுப் போயிட்டா. மூணு வருஷம் ஆச்சு." மேசையில் சிந்திய கேக் துணுக்குகளை விரலால் ஒதுக்கினார். "இப்ப எனக்கே தெரியல. ராத்திரி பகலா அதையே ஓட்டிப் பாத்துப் பாத்து, ஒருவேளை தூங்கித்தான் போயிட்டேனோன்னு தோணுது. தூங்கறவளுக்குத் தான் தூங்கறது தெரியுமா?"

வண்டி என்ன ஆனது என்று கேட்டேன்.

எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு என்னை இயந்திரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். தார்ப்பாயின் கீழே கருநீலக் கார்டினல் நின்றது. இன்சூரன்ஸ்காரர்கள் நசுக்கப் போடவிருந்ததைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாராம். "மெர்ல் கடைசியா இருந்த இடம் இது. இதப் போயி எப்படி நசுக்க விடறது? ஜோலீனுக்கு அதுவும் கோவம். கொன்ன கத்திய ஷோகேஸ்ல வச்ச மாதிரி வச்சிருக்கேன்னா."

என் கைப்பையில் லோவலின் விக்கலும் டில்மனின் நாலு தெருவும் எழுதிய தாள்கள் இருந்தன. அப்போதே எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. தப்பாகிவிட்டால் அந்த அம்மாளை இரண்டாம் தடவை கொன்றதாகிவிடும். கேக்குக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டுவேன் நாற்காலியில் உட்கார்ந்தபடி முழுவதையும் கேட்டான். தாள்களை அவன் முன்னால் பரப்பிப் பிடிக்கச் சொன்னான். கிழங்கு வேகவைக்கும் பட்டியலின் பின்னால் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தான்.

"பத்தொன்பது பேருல எத்தனை பேரு இதச் சொல்லியிருக்காங்க?"

"அந்தம்மாவ விட்டுட்டா, தெளிவாச் சொன்னது ரெண்டு. வேற ஒரு பொம்பள, வண்டி எப்பவாச்சும் இழுக்கும்னு எழுதியிருக்கா. அதையும் சேத்தா மூணு."

"எல்லாரும் இடது பக்கமா?"

"அவகிட்டக் கேக்கல."

"கேளு."

கேட்டேன். இடதுதான். பெட்ரோல் நிலையத்தில் நுழையும்போது மட்டும் என்றாள்.

டுவேனின் முகத்தில் பல மாதங்களாகப் பார்க்காத ஒன்று வந்தது. பட்டறையில் லாரிக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துக் கேட்பானே, அந்த முகம். "அந்தம்மா வண்டிய யாரும் தொடலல்ல?"

"தார்ப்பாய்கூடப் பிரிக்கல."

"லோவலக் கூப்பிடு. அவரோட வண்டிய எடுத்துட்டு வரட்டும். என்னையும் அதுலயே ஏத்திக்கட்டும். எப்படியும் உக்காந்து பாக்கணும்ல."

நவம்பர் முதல் சனிக்கிழமை. ஆர்டித்திடம், டுவேன் வண்டியைப் பார்க்க விரும்புகிறான் என்று மட்டும் சொல்லியிருந்தேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு, "அவரு மெக்கானிக்குதான?" என்று கேட்டுவிட்டுச் சரி என்றார். லோவலின் வண்டியில் டுவேன் முதுகைக் காட்டி உட்கார்ந்தான், கால்களை நான் எடுத்து உள்ளே வைத்தேன். இரண்டே நிமிஷம். வழியெல்லாம் அவன் கதவின் உட்பக்கத்தை முழங்கையால் தடவிக்கொண்டே வந்தான்.

கொட்டகையில் சக்கர நாற்காலியை நசுங்காத பக்கமாக நிறுத்தினேன். தார்ப்பாயை இழுத்தோம். ஆர்டித் கதவோரமாகவே நின்றார். உள்ளே வரவில்லை.

"லவோன், ஸ்டியரிங்குக்குக் கீழ மல்லாக்கப் படு," என்றான் டுவேன்.

"நானா?"

"என் கை எங்கிட்ட இல்ல. உன்னோடதத்தான் கடன் வாங்கணும்."

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்தேன். நாற்பது வருஷம் அவன் கால்கள்தான் இப்படி வண்டிகளுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கப் பார்த்திருக்கிறேன். மேலே ஒரே ஒயர்க் காடு. அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். பச்சையை விடு. கட்டாப் போகுதே, அதத் தொடர்ந்து போ. கறுப்பு டேப் சுத்தியிருக்கா? அதுக்குப் பின்னாடி விரல விடு. என்ன இருக்கு?

"தகடு. ஓரம் கூரா இருக்கு," என்றேன், டார்ச்சை வாயிலிருந்து எடுத்து.

"லோவல், ஸ்டியரிங்க இடது பக்கம் கடைசி வரைக்கும் ஒடிங்க."

வண்டி செத்துப்போய் நின்றதால் லோவல் முக்கி முனகித் திருப்பினார். என் முகத்துக்கு மேலேயே ஸ்டியரிங் தண்டின் மூட்டு உருண்டு வந்து அந்த ஒயர்க் கட்டைத் தகட்டின் மேல் தள்ளியது. நான் விரலை இழுத்துக்கொண்டேன். திருப்பி விட்டதும் டேப்பைப் பிரித்தேன். ஒரு ஒயரின் மேல்தோல் நகத்தளவுக்குத் தேய்ந்து செம்பு தெரிந்தது. அதற்கு நேரே தகட்டில் கறுப்பாகக் கருகிய ஒரு புள்ளி.

அதை டுவேனிடம் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இஞ்சினுக்குச் சேதி கொண்டுபோற ஒயர் அது. தகட்டுல பட்டா இஞ்சின் நிக்கும். ஸ்டியரிங்க நேராக்கினா விலகிடும். சாவியப் போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்."

லோவலின் வண்டியிலும் படுத்துப் பார்த்தேன். அதே ஒயர், அதே தேய்வு, கொஞ்சம் குறைவு. டுவேன் அதை ஸ்டார்ட் செய்யச் சொன்னான். நான் கீழேயிருந்து ஒயர்க் கட்டைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்க, லோவல் மெல்ல இடது பக்கம் ஒடித்தார். இஞ்சின் ஒரு மூச்சு இழுத்தது, உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டது, நின்றது.

கதவோரத்திலிருந்து ஆர்டித் முனகுவது போல ஒரு சத்தம் வந்தது.

"இன்னொரு தடவை," என்றார்.

மறுபடி செய்தோம். இழுப்பு, உதறல், அமைதி.

"இதேதான்," என்றார். "இப்படித்தான் உதறிச்சு. இதுக்கப்பறம்தான் மெர்ல் போ போன்னாரு." கவிழ்த்துப் போட்டிருந்த தீவன வாளியில் உட்கார்ந்தார். டுவேனையே பார்த்தார். "அப்ப நான் தூங்கலயா?"

"இல்லீங்க. நீங்க தூங்கல."

"நிச்சயமாவா சொல்றீங்க? எனக்காகச் சொல்லலயே?"

"நான் யாருக்காகவும் ஒயரப் பத்திப் பொய் சொன்னதில்லீங்க."

அவர் அழவில்லை. கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு குளிரில் அப்படியே இருந்தார். லோவல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று முழுக்க அவர் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. திரும்பும் வழியில் மட்டும், "பன்னண்டு வருஷமா விக்கல் விக்கல்னு சிரிச்சுட்டிருந்தேனே," என்றார். எனக்கு மளிகைக் கடை ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

ஜோலீனை யார் கூப்பிடுவது என்பதில் ஒரு வாரம் போனது. ஆர்டித்தால் முடியவில்லை, எண்களை அழுத்திவிட்டுப் போனை வைத்துவிடுவாராம். கடைசியில் நான்தான் கூப்பிட்டேன். டெ மொய்ன் நகரத்தில் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை செய்கிறாள்.

"எங்கம்மா உங்களப் பேசச் சொன்னாங்களா?"

"இல்ல. நான் ஒரு கார் வாங்கப் போனேன்," என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது கிறுக்குத்தனமாக ஒலித்தது.

"மூணு வருஷம் கழிச்சு ஒரு ஒயரா? ரொம்ப வசதியா இருக்கே அவங்களுக்கு," என்றாள் கடைசியில்.

"நம்ப வேண்டாம். வந்து பாருங்க. உங்க கையாலயே செஞ்சு பாருங்க."

நவம்பர் கடைசியில் வரும் நன்றி தெரிவிக்கும் விருந்து நாளுக்கு முந்தின ஞாயிறு வந்தாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். முப்பத்தெட்டு வயது, அம்மாவின் தாடை அப்படியே. டுவேனுடன் கை குலுக்க நீட்டியவள், அவனால் தூக்க முடியாததைப் பார்த்துத் தடுமாறினாள்.

"பரவால்ல. கீழ படுங்க. கோட்டு அழுக்காகும்," என்றான்.

நான் செய்ததை எல்லாம் அவளைச் செய்ய வைத்தான். முதலில் அப்பாவின் வண்டியில் செம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். பிறகு லோவலின் வண்டியில் படுக்க வைத்தான். இஞ்சின் நின்றதும் அவள் வெளியே வரவில்லை. அவளுடைய கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே அசையாமல் நீட்டிக்கொண்டிருந்தன. லோவல் ஏதோ சொல்லப்போனார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எழுந்து வந்தபோது கன்னத்தில் கிரீஸ் இருந்தது. "அடக்கத்தன்னிக்கு நான் அவங்ககிட்ட என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியாது," என்றாள். "எல்லாரும் நிக்கறப்ப சொன்னேன்."

"எனக்குத் தெரிய வேண்டாம்மா," என்றேன்.

வீட்டை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நின்றாள், திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். அவள் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. ஆர்டித் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கவேண்டும். காற்றில் அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

"பூட்ஸக் கழட்டிட்டு வா. தரை துடைச்சிருக்கேன்."

ஜோலீன் குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள். கயிற்றை அவிழ்க்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. நாங்கள் கிளம்பிவிட்டோம்.

மாவட்டப் போலீஸிலிருந்து ஒருவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். பழைய கோப்பில் ஒரு பக்கம் சேர்த்தார்கள், அவ்வளவுதான். கம்பெனிக்கு நான் எழுதிய கடிதத்துக்கு, அனுபவத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி என்று பதில் வந்தது. வழக்குப் போடச் சொல்லி இரண்டு வக்கீல்கள் ஆர்டித்துக்கு எழுதினார்கள். அவர் பதில் போடவில்லை. பத்தொன்பது பேருக்கும் நான் தனித்தனியாக எழுதி, அந்த ஒயர் எங்கே இருக்கிறது, எப்படிப் பார்ப்பது என்று படம் வரைந்து அனுப்பினேன். ஒமாஹாவிலிருந்து டில்மன் கூப்பிட்டார். "கற்பனை இல்லைங்கறீங்க," என்றார். பிறகு, "அந்தம்மாவுக்காக ஜெபம் பண்றேன்," என்று வைத்துவிட்டார்.

லோவல் தன் வண்டியை எங்களுக்கே விற்றார். தங்கை கேட்டாள், இவ்வளவும் தெரிந்த பிறகுமா என்று. டுவேன் சொன்னான், "எங்க வலிக்குதுன்னு தெரிஞ்ச வண்டி இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் இன்னும் சொல்லல." அவன் சொல்லச் சொல்ல நான் அந்த ஒயரை ஒட்டி, மேலே ரப்பர் குழாய் மாட்டி, தகட்டிலிருந்து தள்ளிக் கட்டினேன். மூன்று முறை அவிழ்க்க வைத்தான். நாலாவது முடிச்சுக்குத்தான் தலையாட்டினான்.

குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமைகளில் அதில் போனோம். பிப்ரவரியில் பள்ளிக்கூடப் பின்வாசல் பனியில் வழுக்கி என் மணிக்கட்டு முறிந்தது. டுவேனின் பேச்சு அப்போது குழற ஆரம்பித்திருந்தது; பழகியவர்களுக்குத்தான் புரியும்.

"ஆர்டித்," என்றான்.

"அவங்க மூணு வருஷமா ஸ்டியரிங்கத் தொடல டுவேன்."

"கேளு."

கேட்டேன். முடியவே முடியாது என்றார் ஆர்டித். புதன்கிழமை ராத்திரியும் முடியாது என்றார். வியாழன் காலை ஏழு மணிக்கு ஜோலீன் அவரை எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அவள் அந்த வாரம் அம்மாவிடம்தான் இருந்தாள். ஆர்டித் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, மறுபடி சரிசெய்தார். நான் பின் சீட்டில் இருந்தேன்.

டுவேன் ஏதோ சொன்னான். அவருக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவசரமில்லைங்கறான். நோய் எங்கயும் ஓடிடாதாம்," என்றேன்.

ஆர்டித் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. பிறகு சாவியைத் திருப்பினார். நாற்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிகள் எரிச்சலோடு ஒதுங்கிப் போயின. நெடுஞ்சாலைத் திருப்பத்தில் எதிரே யாருமே இல்லாதபோதும் நிறுத்தி, ரொம்ப நேரம் காத்திருந்து திரும்பினார். அந்த எழுபது மைலுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. டுவேன் தூங்கிப்போனான். எனக்குத் தெரிந்து, வேறு யார் ஓட்டும் வண்டியிலும் அவன் தூங்கியதே இல்லை.

என் கை ஆறிய பிறகும் ஒன்றுவிட்ட வியாழக்கிழமைகளில் ஆர்டித்தான் ஓட்டினார். டுவேன் அடுத்த அக்டோபரில், அறுவடை பாதியில் இருக்கும்போது போனான். அடக்கத்துக்கு ஆர்டித் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார், ஜோலீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகளை எடுத்துவைக்கும்போது ஏதோ ஒரு கிண்ணத்தைப் பற்றிச் சின்னதாகச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். பிறகு ஜோலீன் துண்டை எடுத்தாள், ஆர்டித் கழுவிக் கழுவிக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள்.